சுமைமானி

"எளிதில் பதற்றப்படும் இயல்பு உங்களுக்கு உண்டா?"
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடச் சொல்கிறது தாள்.
பதினேழாவது கேள்வி.
யாரைக் கேட்கிறீர்கள், டாக்டர் ஸ்கைஸ்தே?
மார்ச் பதினொன்றுக்கு முந்தையவளையா
இங்கே பேனாவோடு உட்கார்ந்திருப்பவளையா?

முந்தையவளைப் பற்றி கிளைபேடா துறைமுகத்தில் விசாரியுங்கள்.
நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு.
பால்டிக் காற்று கூண்டைப் பிடித்து உலுக்கும்போதும்
கண்டெய்னரைக் கப்பல் தளத்தில்
முட்டை வைப்பதுபோல் வைப்பவள்.
வில்மந்தேக்குக் கை நடுங்காது என்று
கீழே கொக்கி மாட்டுகிறவர்கள் பீருக்குப் பந்தயம் கட்டுவார்கள்.
ஒருவரையும் நான் தோற்கவிட்டதில்லை.

கூண்டில் என் கண்ணெதிரே சுமைமானி.
டன் கணக்கு, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்.
இருபத்தேழாம் வாரமே வந்துவிட்டவன்
தொள்ளாயிரத்து நாற்பது கிராம்.
அந்தக் கொக்கியில் அவனைத் தொங்கவிட்டால்
திரையில் 0.00 என்றுதான் வரும்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
எனக்கு அழுகை அப்படித்தான் வரும்.

பக்கத்துப் பெட்டி லியுத்மிலாவின் மகளுடையது.
அவள் அழுதாள். தாதிகளோடு சண்டை பிடித்தாள்.
சூரியகாந்தி விதை கொறித்துத் தோலைக் கோட்டுப் பையில் நிரப்பினாள்.
ருஷ்ய மொழியில் கடவுளை ஏசிவிட்டு
மதியம் நாற்காலியிலேயே குறட்டை விட்டாள்.
நான் ஒரு நோட்டில்
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆக்சிஜனை எழுதினேன்.
எண்பத்தெட்டு. தொண்ணூற்றொன்று. எழுபத்து நான்கு.
எழுபத்து நான்கில் கருவி அலறும்.
யாராவது ஓடிவந்து அவன் உள்ளங்காலைச் சுண்டுவார்கள்,
மூச்சுவிட மறந்துபோனவனுக்கு
ஞாபகப்படுத்துவதுபோல.
எவ்வளவு அமைதியான அம்மா என்றார்கள் என்னை.
லியுத்மிலாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள்.

இப்போது அவள் தூங்குகிறாள். போன் போட்டுக் கேட்டேன்.

டொமாண்டஸுக்கு ஒன்றரை வயது.
ஒன்பதரை கிலோ.
சமையலறை அலமாரியைத் திறந்து மூடிகளை உருட்டுகிறான்.
இரவில் மூன்று தடவை எழுந்துபோய்
அவன் உள்ளங்காலைச் சுண்டுகிறேன்.
வீறிடுகிறான்.
வீறிட்டால் மூச்சு இருக்கிறது.
ரிம்விதாஸ் கதவருகில் நிற்கிறான், சட்டையில்லாமல்.
முதல் மாதம் கெஞ்சினான். பிறகு கோபித்தான்.
இப்போது பால் மட்டும் காய்ச்சித் தருகிறான்.

வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாள்
கீழே ஒரு ஃபோர்க்லிஃப்ட் பின்னால் நகர்ந்தது.
பீப், பீப், பீப்.
அதே சுருதி. அதே இடைவெளி.
கப்பலுக்கும் கரைக்கும் நடுவில்
இருபத்தாறு டன் அந்தரத்தில் நின்றது.
கை நடுங்கவில்லை, டாக்டர்.
கை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.
ஏணியேறி வந்த இருவர் என்னைக் கீழே இறக்கினார்கள்,
படி படியாக,
பெட்டியின் மேல் கண்ணாடிக் கோப்பைப் படம் ஒட்டிய
சரக்கை இறக்குவதுபோல.

மனத்திடம் உள்ளவர்களுக்கு இதெல்லாம் வராது என்று
மாமியார் சொன்னதைத்தான்
உங்கள் தாள் மரியாதையாகக் கேட்கிறது என்று நினைத்தேன்.
நீங்கள் இல்லை என்றீர்கள்.
திடமே கூடச் சில சமயம் கதவைச் சாத்திவிடும் என்றீர்கள்.
எனக்குப் பாதி புரிந்தது.
மற்ற பாதியை நம்பவில்லை.
பதினேழை வெறுமையாக விட்டுத் தாளைக் கொடுத்தேன்.

வாகன நிறுத்தத்தில்
காரின் நாலு கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டேன்.
நீயும் ஏசியிருக்கலாம், பைத்தியமே என்று
லியுத்மிலா சொல்லியிருந்தாள்.
அவளிடம் கேட்ட வசவுகளில் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது,
அதுவும் தப்பான உச்சரிப்பில்.
ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னேன்.
இன்னும் கொஞ்சம் உரக்க.

பின்னிருக்கையில் ஒரு சிரிப்பு.
அந்தச் சொல்லின் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு
விடாமல் திருப்பிச் சொன்னான்,
மூச்சு வாங்க வாங்க.